ஆசானின் சமன்பாட்டைச் சோதித்த மாணவர்

பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே, பந்தாய்ப் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம் வேரூன்றிய காலத்தில், 1959ஆம் ஆண்டு அங்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் இலங்கைத் தமிழர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். கேம்பிரிட்ஜில் பால் டிராக்கிடம் ஆய்வு பயின்றவர். அவர்தம் ஆய்வின் பொருளை நாம் சுருங்கக் காண்போம்.

முடுக்கமுறும் எலெக்ட்ரான் ஒளி முதலான மின்காந்த அலைகளை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். ஆகவே, அணுக்கருவைச் சுற்றும் எலெக்ட்ரான் அதனுள் வீழ்ந்தாக வேண்டும் என்று பழைய இயற்பியல் கூறிற்று. அவ்விழப்பையும் உட்கொண்ட இயக்கச் சமன்பாடு ஒன்றை டிராக் 1938இல் வகுத்தார். எலியேசர் 1943இல், புரோட்டானை நோக்கி நேர்கோட்டில் செல்லும் எலெக்ட்ரானுக்கு அதனைப் பொருத்தினார். கிடைத்த விடை நேர்மாறானது: எலெக்ட்ரான் புரோட்டானைச் சேராமல் இடையில் நின்று, திரும்பி, ஒளியின் வேகத்தை நெருங்கி விலகியோடுகிறது! இயற்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆசான் வகுத்த சமன்பாட்டின் எல்லை அங்கே புலப்பட்டது.

1968இல் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும்வரை அவர் கோலாலம்பூரில் பணியாற்றினார். ஆசிரியரைப் போற்றுவதும் அவர்தம் கூற்றைச் சோதிப்பதும் தம்முள் முரணல்ல என்பதே இவ்வரலாற்றிலிருந்து நம் வகுப்பறைகள் கொள்ளத்தக்க பாடமாகும்.