"வீட்டுக்குப் போ": அம்மை போட்ட பிள்ளையும் கல்வராயன் மலையும்

பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டா என்ன செய்வாங்க? "வீட்டுக்குப் போ, தண்ணி ஊத்தின பிறகு வா"ன்னு அனுப்பிடுவாங்க. இந்த விதி எங்கிருந்து வந்தது, கல்வராயன் மலைக்கு ஏறும்போது அதுக்கு என்ன ஆகுது? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

இதுல பாதி நம்ம வீட்டு வழக்கம். வாசல்ல வேப்பிலை சொருகிட்டா வெளியாள் உள்ளே வரமாட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பிள்ளை வெளியே போகாது. சின்னம்மைக் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும் என்கிறது மருத்துவம். ரெண்டு கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகுது.

மறுபாதி அரசாங்க விதி. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தப்போ, வந்தவர்களில் பலர் உடல் தகுதி இல்லாதவர்களா இருந்ததைப் பார்த்து இங்கிலாந்து அதிர்ந்துபோச்சு. அதைத் தொடர்ந்த விவாதத்தில் 1907-ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர் பரிசோதிப்பது அங்கே கட்டாயமானது. இந்தியாவில் அந்தப் பரிசோதனை முதலில் நடந்தது 1909-ல், பரோடா நகரத்தில். ஆனா 1946-ல் ஜோசப் போர் தலைமையிலான குழு, பள்ளி சுகாதார சேவைன்னு நாட்டில் அநேகமா எதுவுமே இல்லை என்றுதான் எழுதியது. 1960-ல் ரேணுகா ராய் தலைமையில் இதுக்கென்றே தனிக் குழு போட்டாங்க. மறுவருஷம் அறிக்கை வந்தது.

அந்த அறிக்கை வந்தப்போ கல்வராயன் மலை யார் கையில் இருந்தது தெரியுமா? ஜாகீர்தார்கள் கையில். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்தும், இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-லதான். இங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாமே தாமதமா வந்ததுக்கு இது ஒரு முக்கியக் காரணம். (பெயரைக் கேட்டு கேரளம்னு நினைச்சிடாதீங்க. மலையில் வாழ்பவர்கள் என்பதுதான் பொருள்.)

ஊர்கள் சிதறிக் கிடக்கிற மலை என்பதால் இங்கே அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் உருவாச்சு. நம்ம விதி தடுமாறுவது இங்கேதான். "வீட்டுக்குப் போ" என்ற வார்த்தைக்குள்ளே, வீடு பக்கத்துல இருக்கு, வீட்டுல ஆள் இருக்கு என்ற ரெண்டு நம்பிக்கைகள் ஒளிஞ்சிருக்கு. மலையில் பல குடும்பங்கள் பிழைப்புக்காகக் கேரளா, கர்நாடகான்னு மாசக்கணக்கில் போயிடுறாங்க. விடுதியில் காய்ச்சலோட படுத்திருக்கிற பிள்ளையை அப்போ யாரிடம் அனுப்புவது? அனுப்பினா, குணமான பிறகு யார் கூட்டி வருவாங்க? ஒரு வாரத்துக்குன்னு போன பிள்ளை வராமலே போறதும் உண்டு. அனுப்பாம வைத்திருந்தா, ஒரே கூடத்தில் பக்கத்துல பக்கத்துல படுக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தொற்றும். எது சரின்னு முடிவெடுக்க வேண்டியவர் பெரும்பாலும் மருத்துவரல்ல, விடுதிக் காப்பாளர்.

2013-ல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்குது. பார்வைக் குறை, ரத்தசோகை, இதயக் கோளாறு போன்றவற்றைக் கண்டுபிடிக்க இது பெரிய உதவி. ஆனா இன்னைக்கு ராத்திரி அடிக்கிற காய்ச்சலுக்கு அடுத்த வருஷம் வரப்போகும் குழு என்ன செய்யும்? 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனா அது மலைக்குக் கீழே இருக்கு.

"வீட்டுக்குப் போ"ன்னு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சொன்னது 2020 மார்ச்சில். தமிழ்நாட்டில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை வகுப்பறை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். இடையில் போனது பத்தொன்பது மாதம். சிக்னல் கிடைக்காத மலையூரில் அந்தப் பத்தொன்பது மாதமும் ஆன்லைன் வகுப்பு என்பது வெறும் சொல்தான்.

தனிமைப்படுத்துவது தப்புன்னு நான் சொல்லவில்லை. தொற்றுநோய்க்கு அது தேவைதான். நான் சொல்வது உறைவிடப் பள்ளியின் கணக்கு வேறு என்பதை. அங்கே பள்ளிதான் வீடு. அதனால ஒரு தனி அறை, இரவிலும் இருக்கிற ஒரு செவிலியர், கீழே இறக்க ஒரு வண்டி, போன பிள்ளை எட்டு நாளில் வரவில்லைன்னா தேடிப் போக ஓர் ஆள். பாடப்புத்தகம், சீருடை மாதிரி இதுவும் பள்ளிச் செலவுக் கணக்கில் வரணும். 1976-க்குப் பிறகு மலைக்கு வந்த அரசாங்கம் செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று.