இரு மொழிகள் சென்ற வழி



தலைநகரில் நம் குடியிருப்பில் வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் சில நாட்களுக்கு முன் நம்மிடம் வந்து, உலகத்தில் ஹிந்தி பேசுகிறவர்கள் அதிகமா, ருஷ்ய மொழி பேசுகிறவர்கள் அதிகமா என்று கேட்டான். அவனுடைய பெற்றோர் கும்பகோணத்துக்காரர்கள். கேள்வியை அவன் ஹிந்தியில்தான் கேட்டான்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு எண்ணிக்கையைச் சொல்வது எளிது. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் ஹிந்தியைத் தாய்மொழியாக உடையோர் 52 கோடிக்கு மேல். போஜ்புரி, ராஜஸ்தானி முதலியவற்றைப் பேசுவோரும் இக்கணக்கில் அடங்குவர். ருஷ்ய மொழியை அறிந்தோர், இரண்டாம் மொழியாகக் கற்றவர்களையும் சேர்த்து, உலகெங்கும் சுமார் 25 கோடி என்பர். ஆனால் தேசப்படத்தை விரித்தபோது வேறொன்று நம் கவனத்தைக் கவர்ந்தது. ருஷ்ய மொழி பரவிய நிலம் பெரும்பாலும் ஒரே தொடர்ச்சி. பால்டிக் கடலோரத்தில் புறப்பட்டுப் பசிபிக் சமுத்திரம் வரை கப்பலேறாமலே போய்விடலாம். ஹிந்திக்கோ வட இந்தியாவில் ஒரு பெரும் பரப்பு. பிறகு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மோரிஷஸ், பிஜி, சூரினாம் என்று சிதறிய புள்ளிகள். ஏன் இந்த வேற்றுமை?

1580-களில் எர்மாக் என்னும் கோஸாக்கியத் தலைவன் யூரல் மலைகளைத் தாண்டிச் சைபீரியாவுக்குள் புகுந்தான். மென்மயிர்த் தோலைத் தேடி அவ்வழியே சென்றோர் 1639-இல் பசிபிக் கரையை எட்டிவிட்டனர். பின்னர் அலாஸ்காவிலும் கால் வைத்து, 1867-இல் அதை அமெரிக்காவுக்கு விற்றார்கள். 1891-இல் தொடங்கிய சைபீரிய ரயில் பாதை 1916-இல் முழுமை பெற்றது. ஸ்டேஷன்தோறும் குடியேறியவர்களுடன் மொழியும் இறங்கிற்று. 1938-இல் சோவியத் பள்ளிகள் எங்கும் ருஷ்ய மொழி கட்டாயப் பாடமாயிற்று. 1954 முதல் கஸாகஸ்தானத்தின் தரிசு நிலங்களை உழுவதற்கு லட்சக்கணக்கானோர் அனுப்பப்பட்டனர். படை, ரயில், பள்ளிக்கூடம் ஆகிய மூன்றிலும் முன்னே நின்றது சர்க்கார்தான்.

ஒரு சர்க்கார் கொண்டுவந்து வைத்ததை மற்றொரு சர்க்கார் அகற்றவும் கூடும். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்து 15 நாடுகள் ஆனபோது சுமார் 2½ கோடி ருஷ்யர்கள், வீட்டைவிட்டு ஓரடியும் நகராமலே, வெளிநாட்டில் இருப்பவர்களாகிவிட்டார்கள். பெலாரஸ் 1995-இல் ஜனவாக்கெடுப்பு நடத்தி ருஷ்ய மொழிக்குச் சம உரிமை தந்தது. லாட்வியாவில் 2012-இல் அதே கேள்வி எழுந்தபோது வாக்களித்த நால்வரில் மூவர் மறுத்துவிட்டனர். உக்ரேனில் 2022-இல் போர் விரிந்த பிறகு, வீட்டில் ருஷ்ய மொழியே பேசிவந்த பலர் தாமாகவே உக்ரேனிய மொழிக்கு மாறினர். சட்டம் செய்ய முடியாததை மனக்கசப்பு செய்தது.

ஹிந்தி கடல் கடந்த கதை இதற்கு நேர் எதிரானது. அதைக் கொண்டுபோனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1834 முதல் மோரிஷஸுக்கும், 1838 முதல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1845 முதல் டிரினிடாடுக்கும், 1873 முதல் சூரினாமுக்கும், 1879 முதல் பிஜிக்கும் கப்பல்கள் சென்றன. ஏறியவர்களில் பெரும்பாலோர் பீகாரையும் கிழக்கு ஐக்கிய மாகாணத்தையும் சேர்ந்தவர்கள். போஜ்புரி, அவதி பேசியவர்கள். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. அவர்களும் 'கிர்மிட்டியா' ஆனார்கள். அந்த மொழிக்குப் பின்னால் படையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அதனால் அது எங்கும் அழியாமல் நின்றது என்று சொல்லிவிட முடியாது. டிரினிடாடிலும் கயானாவிலும் ஆங்கிலம் அதை விழுங்கிவிட்டது. எஞ்சியவை பாட்டும் சடங்கும் சமையற்சொற்களுமே. மோரிஷஸில் உலக ஹிந்தித் தலைமைச் செயலகம் இருக்கிறது. ஆனால் வீடுகளில் கிரியோல் மொழியே மேலோங்கியிருக்கிறது. சூரினாமில் மட்டும் 'சர்நாமி' என்ற பெயருடன் அது பிழைத்தது. 1975-இல் அந்நாடு விடுதலை பெற்றதையொட்டிப் பலர் ஹாலந்துக்குக் குடிபெயர, இன்று ஹேக் நகரத் தெருக்களிலும் அதைக் கேட்கலாம்.

பிஜியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1916 வரை அங்கே சென்ற சுமார் 60,000 கூலிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903-க்குப் பிறகு போனவர்கள்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கரும்புத் தோட்டங்களில் ஹிந்துஸ்தானி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. வேலையை ஏவும் சர்தார் பேசியது அது. கடைத்தெருவில் வழங்கியதும் அது. கற்றுக்கொள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கற்காவிட்டால் அன்றாடம் நடக்காது, அவ்வளவுதான். இப்படிப் பல ஊர்ப் பேச்சுகள் கலந்து வளர்ந்ததே பிஜி ஹிந்தி. நம் அலுவலகங்களில் நாள்தோறும் உருவாகும் கனத்த சமஸ்கிருதச் சொற்களைக் கொண்டுபோய்ப் போட்டால், அங்குள்ள கரும்பு விவசாயி திகைத்துப்போவார்! அந்தப் பேச்சு மொழியையே, பிஜியின் பூர்வ குடிகளின் மொழியுடன் சேர்த்து, ஆரம்பப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் விதித்தது.

அங்குள்ள தமிழர் வாளாவிருக்கவில்லை. 1926-இல் 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' என்ற அமைப்பை நிறுவிப் பள்ளிகள் பல நடத்தினர், தமிழும் கற்பித்தனர். கோயில்களில் தீமிதித் திருவிழா இன்றும் நடைபெறுகிறது. ஆனால் திருவிழா முடிந்து வீடு திரும்பும் குடும்பம் வழியில் பேசுவது பெரும்பாலும் பிஜி ஹிந்தியே. பாட்டன் பேசிய மொழி பேரனுக்குப் பூஜை மொழியாகிவிட்டது.

மாணவனுக்கு இவ்வளவையும் தமிழிலேயே சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். நடுவே இரண்டு இடங்களில் மட்டும் நிறுத்தி, 'தரிசு' என்றால் என்ன, 'வேரூன்றுவது' என்றால் என்ன என்று கேட்டான். நாம் ஹிந்தியில் பொருள் சொன்னோம், உடனே புரிந்துகொண்டான்.