தும்பாக் கரையும் விண்வெளி நூல்களும்

விண்வெளிக்கு மனிதன் சென்ற வரலாற்றைக் கூறும் நூல்களை நாம் ஏன் இவ்வளவு விரும்பிப் படிக்கிறோம்? வானத்தின்மேல் நமக்குள்ள ஆசையினால் என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். யூரி ககாரின் 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் 108 நிமிடங்களில் பூமியை வலம்வந்து இறங்கினார் என்ற செய்தி ஒரு வரியில் அடங்கிவிடும். ஆனால், அவர் வரலாற்றைப் படிக்கும்போது நம் கண் நின்றுவிடும் இடங்கள் வேறு. தச்சரின் மகனாகப் பிறந்து வார்ப்படத் தொழில் பயின்றவர் அவர். விண்ணிலிருந்து வயலில் இறங்கியபோது எதிரே நின்ற முதியவளும் சிறுமியும் அவருடைய உடையைக் கண்டு அஞ்சினர். 1969இல் தோழர் இருவர் சந்திரனில் நடக்க, தாம் மட்டும் தனியே அதைச் சுற்றிக்கொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ், 1974இல் தம் அனுபவத்தைத் தாமே எழுதினார். அந்நூல் இன்றளவும் விரும்பிப் படிக்கப்படுவது, நடந்தவர்களைப் பற்றியது என்பதாலன்று. காத்திருந்தவர் எழுதியது என்பதால்தான்.

இத்தகைய நூல்களுக்கு நம் அருகிலேயே ஒரு பிறப்பிடம் உண்டு. திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, கடலோரத்தில் உள்ள தும்பா என்னும் மீனவர் ஊரே அது.

இவ்வூரைத் தேர்ந்தெடுத்த காரணம் விந்தையானது. பூமியின் காந்த நடுக்கோடு இதன் அருகே செல்கிறது. அக்கோட்டின்மேல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்ந்து நிலைத்துச் சுற்றாது. ராக்கெட்டு ஒன்றினாலேதான் அதைத் தொட்டு அளக்க முடியும். திருவனந்தபுரத்திற்கு இத்துறை முற்றிலும் புதிதுமன்று. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837இலேயே, இங்கு வானாராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. பின்னர் அதற்குத் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரவுன் பூமியின் காந்தத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தார். அதற்காக நம் அகத்தியர் மலையின் உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்தார்.

1962இல் விக்ரம் சாராபாய் இக்கரையைத் தேர்ந்தபோது, வேண்டிய நிலத்தின் நடுவே புனித மகதலேனா மரியாள் தேவாலயம் நின்றது. பங்கு மக்களிடம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது இதை எடுத்துரைத்து இசைவு கேட்டதையும், மக்கள் 'ஆமென்' என்றதையும் அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். தேவாலயம் ராக்கெட்டுகளைப் பொருத்தும் கூடமாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. மாட்டுத் தொழுவமும் ஓர் ஆய்வுக்கூடமாயிற்று.

மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இந்நூல்கள் தனியாக ஒரு காரணத்தால் இனிக்கும். இராமேசுவரத்துக் கடற்கரையில் வளர்ந்த கலாமும், அவரைவிட ஐந்தாண்டு இளையவரான ஆர். அரவமுதனும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் பயின்றவர்கள், பிழைப்பிற்காகத் தமிழகத்திற்கு வெளியே சென்றவர்கள். அரவமுதன் தம் மனைவி கீதாவுடன் சேர்ந்து எழுதி 2017இல் வெளியிட்ட நூலில், நகரத்து விடுதியில் அறை எடுத்துத் தங்கியதையும், தும்பாவில் உணவகம் இல்லாமையால் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் உணவு வாங்கிச் சென்றதையும் படிக்கும்போது, 'இது நம் கதையல்லவா!' என்று புன்னகை வருகிறது. ராக்கெட்டுப் பொறியாளருக்கும் பகலுணவுப் பொட்டலம்தான்.

கலாமின் தன்வரலாறு 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் தமிழில் 'அக்னிச் சிறகுகள்' ஆயிற்று. அதில் நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி ஒன்றுண்டு. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை. அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட்டைத் தேவாலயத்தில் பொருத்தி, லாரியில் ஏற்றி ஏவுதளத்திற்குக் கொண்டுவந்தார்கள். பளுதூக்கி அதை உயர்த்தும்போது ராக்கெட்டு சாய்கிறது. பளுதூக்கியின் நீரியல் அமைப்பில் கசிவு. பழுதுபார்க்கப் பொழுதில்லை. இருந்தவர்கள் எல்லாரும் கை கொடுத்துத் தள்ளித் தூக்கி அதை ஏவுமேடையில் வைத்தார்கள். சற்றுப் பொழுதில் ராக்கெட்டு சுமார் 200 கிலோமீட்டர் உயரம் சென்றது. அது உமிழ்ந்த சோடியம் ஆவி, அந்திக் கதிர் பட்டு வானத்தில் செம்மஞ்சள் மேகமாய் ஒளிர்ந்தது. கேரளக் கரையிலும் அண்டைத் தமிழ்ப் பகுதிகளிலும் மக்கள் அதை அண்ணாந்து பார்த்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தும்பாவிலிருந்து மாட்டுவண்டியில் ராக்கெட்டு சென்றதாகப் பலர் எழுதுகிறார்கள். மாட்டுவண்டியில் ஏறியது ராக்கெட்டன்று. 'ஆப்பிள்' என்னும் செயற்கைக்கோள். அதுவும் பெங்களூரில், 1981இல். உலோகக் கலப்பற்ற மேடை சோதனைக்கு வேண்டியிருந்ததால் மரவண்டியைத் தேர்ந்தார்கள். அது வறுமையின் அடையாளமன்று, அறிவின் அடையாளம். தும்பாவுக்கு உரியது மிதிவண்டி. 1966இல் ஹென்றி கார்த்தியே-பிரசோன் எடுத்த படத்தில், ராக்கெட்டின் கூம்பு மிதிவண்டியில் போவதைக் காணலாம்.

அத்தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். நாம் அங்கு நின்றபோது மனத்தில் உறுத்திய எண்ணம் ஒன்று. இத்தனை நூல்களிலும் 'ஆமென்' என்ற ஒரு சொல்லோடு அம்மக்களின் பங்கு முடிந்துவிடுகிறது. வீட்டையும், முன்னோர் வழிபட்ட இடத்தையும் விட்டு, பள்ளித்துறைப் பக்கம் பெயர்ந்து, புதுக் கோயில் கட்டிக்கொண்டு, அதே கடலில் வலை வீசியவர்கள் அவர்கள். அவர்கள் எப்படிப் பெயர்ந்தார்கள், கட்டுமரங்களை எங்கே ஏற்றினார்கள், முதல் ராக்கெட்டின் ஓசையை எப்படிக் கேட்டார்கள் என்பதை நாம் படித்த நூல்கள் சொல்லவில்லை. ககாரினைக் கண்டு அஞ்சிய முதியவளுக்கு அவர் வரலாற்றில் இடம் கிடைத்தது; நம் தும்பா மூதாட்டிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தமிழில் எழுதுவோர் இல்லை என்று சொல்வதற்கில்லை. விண்வெளித் துறையில் பணியாற்றிய நெல்லை சு. முத்து அறிவியல் நூல்கள் பலவற்றை நேரே தமிழிலேயே எழுதினார், 2025இல் மறைந்தார். அவ்வழியைத் தொடர்வோர் வேண்டும்.

ஏனெனில் கதை மீண்டும் இங்கேயே வந்து நிற்கிறது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான், ககன்யான் பயணத்திற்குப் பயிற்சி பெற்ற நால்வரின் பெயர்கள் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டன. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் பாலக்காட்டு நென்மாறைக்காரர். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஏனைய இருவர் அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. 1984இல் ராகேஷ் சர்மா சென்றபின், நாற்பத்தோராண்டு கழித்து, 2025 ஜூன் 25ஆம் நாள் சுக்லா புறப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15ஆம் நாள் திரும்பினார். இந்நால்வரைப் பற்றியும் நூல்கள் வரும்; வாங்கிப் படிப்போம்.

அதற்கிடையே, 1963இல் தும்பாவில் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று எழுபதைக் கடந்தவர். விடுமுறைக்கு ஊர் வரும் நேயர் எவரேனும் வழியில் திருவனந்தபுரத்தில் இறங்கினால், ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பள்ளித்துறைக்குப் போகலாம். அருங்காட்சியகத்திலிருந்து அது அதிகத் தொலைவில்லை.