யாழ். நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவர் தொடங்கிய பள்ளி

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1981. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து போயின. 1950களில் அந்தக் கட்டடம் எழுந்தபோது அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர் எஸ். ஆர். இரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளியை உருவாக்கியவரும்கூட.

இரங்கநாதன் அடிப்படையில் கணித விரிவுரையாளர். 1924இல் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்றார். வந்த சில நாட்களிலேயே வேலை சலித்து, பழைய கல்லூரிக்கே திரும்ப விரும்பினாராம். ஆனால் அதே ஆண்டில் லண்டனுக்குப் பயிற்சிக்குச் சென்றார். நூல்களை வகைப்படுத்துவது ஒரு துறையாகவே கற்பிக்கப்படுவதை அங்கு கண்டார். திரும்பி வந்தவருக்கு அந்தத் துறையே வாழ்க்கையாகிவிட்டது.

1928இல் சென்னை நூலக சங்கம் உருவானது. அதற்கு அடுத்த ஆண்டு, சங்கத்தின் பொறுப்பில் சான்றிதழ் வகுப்பு ஆரம்பமானது. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1915இலேயே இத்தகைய வகுப்பை நடத்தியிருந்தது. ஆகவே சென்னை முதலாவது அல்ல. சென்னைப் பள்ளியின் பலம் அதன் நிர்வாகம் மாறிய விதத்தில் இருந்தது. 1931இல் பல்கலைக்கழகம் அதைப் பொறுப்பேற்றது. 1937இல் ஓராண்டு முழுநேரப் பட்டப்பின் டிப்ளோமாவாக உயர்த்தியது. சங்கத்தின் சான்றிதழாக இருந்தது பல்கலைக்கழகத் தகைமையானது.

பல்கலைக்கழக நூலகரே பள்ளியின் தலைமை ஆசானாகவும் இருந்தார். 1931இல் ஐந்து விதிகள் பற்றிய நூலும் 1933இல் கோலன் பகுப்பு முறையும் வெளிவந்த காலம் அது. எழுதியவரிடமே மாணவர்கள் நேரடியாகப் படித்தார்கள். ஆனால் ஒரே மனிதரை நம்பி நிற்கும் பள்ளிக்கு அவர் போன பின் என்ன ஆகும்? 1945இல் இரங்கநாதன் சென்னையை விட்டு பனாரஸ் சென்றார். அதன் பின்னரும் கற்பித்தல் தொடர்ந்தது. 1950களில் அவரே ஒரு இலட்சம் ரூபாயைப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்பட வழி செய்தார்.

எரிந்த நூல்களை மீளச் சேர்ப்பது பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். சேர்த்தவற்றை ஒழுங்குபடுத்தித் தேடுபவர் கையில் கொடுக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவது பற்றிப் பேசியது குறைவு. இலங்கையில் இத்துறைக்கென கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999இல்தான் அமைக்கப்பட்டது. யாழ். நூலகம் எரிந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.