கட்டற்ற கணினி மேடையில் தமிழ்: விளையாட்டு மென்பொருள்களின் மொழியாக்கம் – புனே நகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

புனே நகரின் கிழக்கே, லோகேகாவ் விமான நிலையத்தை ஒட்டி எழுந்த குடியிருப்பு விமான் நகர். நிலையத்தின் அண்மையே ஊர்ப்பெயராயிற்று. இப்பெயரை மராத்தியர் தேவநாகரியில் எழுதுங்கால் ஈற்று மெய்களுக்குத் தனிக்குறி ஏதும் இடுவதில்லை. தமிழில் எழுதுவோர் னகரத்திற்கும் ரகரத்திற்கும் புள்ளியிட்டே ஆகவேண்டும். தமிழ் மரபில் எண்ணினால் 'விமான் நகர்' என்பது ஆறெழுத்து. ஒருங்குறி வழி இயங்கும் கணினிக்கோ, இடைவெளி நீங்கலாக, அது 10 குறிகள். வகரமும் இகரக்குறியும் இரண்டு, மகரமும் ஆகாரக்குறியும் இரண்டு, னகரமும் புள்ளியும் இரண்டு. 'நகர்' என்பதில் நான்கு. இவ்வேறுபாடு கடிதம் தட்டச்சிடுவோர் கண்ணுக்குப் புலனாவதில்லை. கணினியில் சொல்விளையாட்டு ஆட அமரும் சிறுவனுக்கு முதல் ஆட்டத்திலேயே புலனாகிவிடும்.

கட்டற்ற மென்பொருள் மேடைகளில் தமிழ் இடம்பெற்ற வரலாற்றை எழுதுவோர் எழுத்துருவையும் விசைப்பலகையையும் அலுவலகச் செயலிகளையும் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். விளையாட்டுகள் புறக்கணிக்கப்பட்டன. ஆயின் தமிழின் இலக்கண இயல்புகள் கணினியோடு மோதிய இடங்கள் விளையாட்டுகளிலேயே மிகுதி என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. 'சேமி', 'மூடு' என்னும் கட்டளைகளுக்குத் திணையும் பாலும் வேண்டா. வென்றவர் யார் என்று சொல்ல அவை வேண்டும்.

புனேயின் பங்கு

தமிழ்நாட்டிற்கு வெளியேயுள்ள நகரொன்று தமிழ்க் கணிமை வரலாற்றில் இத்துணை இடம்பெறுவது வியப்பளிக்கலாம். சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிமை வளர்ச்சி மையம் 1988-இல் புனேயில் நிறுவப்பெற்றது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஜிஸ்ட் தொழில்நுட்பம் இம்மையத்தில் வளர்ந்தது. இந்திய மொழிகள் பலவற்றிற்கும் ஒரே வரிசையில் குறி வழங்கும் இஸ்கி முறை இத்தொழில்நுட்பத்தின் வழியே கருவிகளாகிப் பரவியது. 1991-இல் அது இந்தியத் தர நிறுவனத்தின் தரமாகவும் வெளிவந்தது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1988-ஆம் ஆண்டின் இஸ்கி வடிவைத் தழுவியே அமைக்கப்பட்டது. எனவே 'விமான் நகர்' பத்துக் குறியானதன் வேர் இந்தப் பொதுத்திட்டத்தில் உள்ளது எனலாம்.

அடுத்தது எழுத்துரு. புனேயைச் சார்ந்த மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்தின் எழுத்துருக்களை அடிப்படையாகக் கொண்டு ரெட் ஹேட் நிறுவனம் 2004-இல் 'லோகித்' எழுத்துருக்களைப் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. வங்காளம், குசராத்தி, இந்தி, பஞ்சாபி, தமிழ் ஆகிய ஐந்துமே முதலில் வந்தவை. லோகித் என்பது செந்நிறம் குறிக்கும் வடசொல். வெளியிட்ட நிறுவனத்தின் பெயரிலுள்ள சிவப்பை இது நினைவூட்டும். 2011-இல் இவ்வெழுத்துருக்கள் எழுத்துருக்களுக்கெனவே வகுக்கப்பட்ட திறந்த உரிமத்திற்கு மாற்றப்பட்டன. யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம் என்னும் உரிமையோடு ஒரு தமிழ் எழுத்துரு லினக்ஸ் வழங்கல்களில் இயல்பாகவே இடம்பெற்றது இதன்பின் நேர்ந்த பெருமாற்றம். அதற்குமுன் தமிழ் லினக்ஸ் ஆர்வலர் எழுத்துருவைத் தனியே தேடி நிறுவ வேண்டியிருந்தது.

மூன்றாவது கலைச்சொல். ரெட் ஹேட் நிறுவனத்தின் புனே மொழியாக்கக் குழுவினர் 2008-இல் 'ஃபூயல்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். கணினி மேடையில் அடிக்கடி எதிர்ப்படும் 500-க்கும் மேற்பட்ட சொற்களையும் தொடர்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொரு மொழியிலும் அவற்றிற்குச் சீரான பெயர்ப்பு காண்பது அதன் நோக்கம். பட்டியலில் பட்டிச்சொற்களும் கட்டளைகளுமே நிறைந்திருந்தன. சீட்டாட்டத்தின் சொல்லோ சதுரங்கத்தின் சொல்லோ அதன் குறிக்கோளில் அடங்கவில்லை. அது குறையன்று, எல்லைதான்.

இன்னார் வென்றார்

கேடிஈ மேடைத் திட்டம் 1996-இலும் குனோம் திட்டம் 1997-இலும் தொடங்கின. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ் லினக்ஸ் ஆர்வலர்கள் கேடிஈ மேடையைத் தமிழாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் தமிழுக்கு ஒருங்குறி ஆதரவு முழுமையடையாமையால் திஸ்கி என்னும் எட்டுத்துணுக்குக் குறியீடே கைகொடுத்தது. பின்னர் 'ழ கணினி' முதலிய முயற்சிகளும் பணியை முன்னெடுத்தன. இருமேடைகளிலும் அலுவல் செயலிகளோடு சிறுவிளையாட்டுகளின் தொகுதியும் உடன் வந்தது: தனிச்சீட்டு, கண்ணிவெடி, சதுரங்கம், மாஜாங் போல்வன. அவற்றின் தொடர்களும் மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வந்தன.

இப்பணி நடைபெறும் முறையைத் தமிழாய்வாளர் அறிதல் நன்று. நிரலிலுள்ள ஆங்கிலத் தொடர்கள் அனைத்தும் பி.ஓ. என்னும் கோப்பில் வரிசையாக எடுத்து வைக்கப்படும். ஒவ்வொன்றன் கீழும் மொழிபெயர்ப்பாளர் தமிழ்த்தொடரை எழுதுவார். தொடரில் பெயரோ எண்ணோ வரவேண்டிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். நிரல் இயங்கும்போது அது நிரப்பப்படும். தொடர் எங்கே, யார் வாயில் வருகிறது என்பது பெரும்பாலும் தெரியாது. சூழலற்ற தொடரைப் பொருள்கொள்ளும் இவ்விடர், உரை கிடைக்காத தனிப்பாடலை எதிர்கொள்ளும் இடரை ஒத்தது.

விளையாட்டில் 'இன்னார் வென்றார்' என்னும் ஆங்கிலத் தொடரை நோக்குக. வெற்றிடத்தில் ஆடுபவர் பெயரும் வரலாம். எதிராடும் கணினியும் வரலாம். ஆங்கில வினைக்கு இரண்டும் ஒன்றே. தமிழிலோ 'கணினி வென்றார்' என்பது திணைவழு. 'கண்ணன் வென்றது' என்பதும் வழுவே. கிளவியாக்கம் திணை வகுத்தலைத் தொடக்கத்திலேயே வைத்ததன் தேவை ஈண்டு விளங்கும். மொழிபெயர்ப்பாளர்க்கு எஞ்சும் வழி வினைமுற்றைக் கைவிட்டு, 'வெற்றி' என்னும் பெயரை இட்டு, முக்காற்புள்ளிக்குப்பின் பெயரைச் சேர்ப்பது. வழு நீங்கும், தொடரும் நீங்கும். அறிவிப்புப் பலகையின் நடை எஞ்சும். கணினித் தமிழ் வறண்டது என்று குறைகூறுவோர் அவ்வறட்சி எங்கிருந்து பிறந்தது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

எண்ணிக்கையும் இவ்வாறே. மொழிதோறும் ஒருமை பன்மை வடிவங்கள் எத்தனை என்பதற்குக் கோப்பின் தலைப்பில் ஒரு சூத்திரம் எழுதப்படும். தமிழுக்கு எழுதப்பட்டது ஆங்கிலத்தின் சூத்திரமே: ஒன்றுக்கு ஒரு வடிவம், ஏனையவற்றுக்கு மற்றொரு வடிவம். 'மூன்று சீட்டு மீதம்' என்பது தமிழில் இயல்பு. அஃறிணைப் பெயர் பால்பகாமல் நிற்கும் மரபு நம்முடையது. ஆயினும் சூத்திரம் இரண்டாம் வடிவத்தைக் கேட்பதால், அவ்விடத்தில் 'கள்' ஈறு தன்னியல்பாக நுழைந்துவிடுகிறது.

வேற்றுமை உருபு இன்னும் கடினம். குனோமின் தனிச்சீட்டு விளையாட்டு, ஆடுபவர் திகைத்து நிற்கையில் 'இதனை அதன்மேல் வை' என்று குறிப்புத் தரும். தொடக்கத்தில் இரு சீட்டுகளின் பெயர்களும் வெற்றிடங்களாகவே இருந்தன. பெயர் உருபேற்றுத் திரியும் மொழிகளுக்கு இது பொருந்தாமையால், பின்னர் வைக்கப்படும் இடமாகிய சீட்டு ஒவ்வொன்றற்கும் தனித்தொடர் தரப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்க்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட தொடர்கள் கூடின. ஆயினும் 'ராணியின்மேல்', 'ஆறின்மேல்' என்று புணர்ச்சி கெடாமல் எழுத வழி பிறந்தது. ஒரு விளையாட்டின் பொருட்டு நிரலாளர் மொழியியலுக்கு வளைந்து கொடுத்த அரிய இடமிது.

ஏவலும் வியங்கோளும் பற்றி ஒன்று. பட்டியிலுள்ள கட்டளை மாந்தன் பொறிக்கு இடுவது. ஆதலின் 'சேமி' என்னும் ஏவல் பொருந்தும். திரையில் தோன்றும் அறிவுறுத்தல் பொறி மாந்தனுக்குச் சொல்வது. 'அழுத்தவும்', 'அழுத்துக' என மதிப்புத் தோன்ற நிற்றல் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வடிவம். குழந்தை விளையாட்டில் 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா என்ற வினாவும் உடன் எழும். 2000-இல் தொடங்கப்பெற்ற ஜிகாம்ப்ரி, 2002-இல் தோன்றிய டக்ஸ் பெயின்ட் ஆகிய சிறார் மென்பொருள்கள் தமிழாக்கம் பெற்றவை. ஐந்து வயதுக் குழந்தையைப் பொறி 'நீங்கள்' என விளிப்பது மரியாதை என்பாரும் உளர். அந்நியம் என்பாரும் உளர். வீட்டில் எவரும் அக்குழந்தையை அவ்வாறு விளிப்பதில்லை என்பதே இக்கட்டுரையாளர் சொல்லத்தக்கது.

இஸ்பேட்டும் மந்திரியும்

தெருத்திண்ணைச் சீட்டாட்டத்தில் இஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமன் என்பன நிலைத்த சொற்கள். கிளாவர் என்பது டச்சு மொழியின் சொல்லோடு ஒலியால் அப்படியே ஒத்து நிற்பது காண்க. கடற்கரை வணிகத்தின் சுவடு அது. தூய தமிழாக்கத்தை விழையும் மொழிபெயர்ப்பாளர் இவற்றை விலக்கிப் புதுச்சொல் படைக்க முற்படின், சீட்டாடத் தெரிந்தவருக்கு விளங்காத சீட்டாட்டம் உருவாகும். சதுரங்கத்தில் இடர் வேறு. பழைய ஆட்டத்தில் அரசனை அடுத்து நின்றவன் மந்திரி. இன்றைய வழக்கில் அவ்விடம் ராணிக்கு. 'மந்திரி' என்ற சொல் மூலைவிட்டமாக நகரும் காய்க்குப் பெயர்ந்தது. தாத்தாவும் பெயரனும் ஒரே திரையில் ஆடினால் மந்திரி எது என்பதில் பிணக்கு நேரும்.

விளையாட்டிற்குப் புறம்பானதாயினும் ஒன்று குறிப்பிட வேண்டும். 'எடிட்' என்பதற்குத் 'திருத்து' என்றும் 'தொகு' என்றும் இருவகை ஆட்சி உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் வழி 'தொகு' பெருவழக்காயிற்று. எட்டுத்தொகை கற்றவர்க்குத் தொகுத்தல் என்பது சிதறியதைச் சேர்ப்பது. ஓர் எழுத்துப்பிழையை நீக்குவது எங்ஙனம் தொகுத்தலாகும்? இவ்வினாவைத் தமிழ்த்துறைகள் உரிய காலத்தில் எழுப்பியிருக்கலாம்.

எழுத்தும் குறியும்

கேடிஈ கல்வித் தொகுதியிலுள்ள கே-ஹேங்மேன், மறைந்துள்ள சொல்லை எழுத்தெழுத்தாக ஊகிக்கும் ஆட்டம். இலத்தீன் எழுத்துமுறைக்கென அமைந்த இவ்வகை ஆட்டத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறி, ஒரு கட்டம். இவ்வமைப்பு மாறாமல் 'நகர்' என்ற சொல்லை இட்டால் நான்கு கட்டம் தோன்றும். நான்காவதில் வருவது வெறும் புள்ளி. குழந்தை பள்ளியில் கற்றது மூன்றெழுத்து. 'கோ' என்பது ஓரெழுத்து ஒருமொழி. பொறிக்கு அதுவும் இரண்டு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது நூன்மரபின் கருத்து. மெய்க்குப் புள்ளி இயல்பு என்றும், புள்ளி நீங்கியது அகர உயிர்மெய் என்றும் அது கூறும். ஒருங்குறி இதனைத் தலைகீழாக்கி, அகர உயிர்மெய்யை அடியாகக் கொண்டு புள்ளியைச் சேர்ப்பாக வைத்தது.

தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக ஏற்றது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி. விமான் நகருக்கு ஆறே குறி. ஆயினும் மேடைகளும் உலாவிகளும் ஒருங்குறியிலேயே நிலைபெற்றுவிட்டமையால் அது பொதுப்புழக்கம் எய்தவில்லை. தீர்வு வேறு திசையில் வந்தது. குறிகளைச் சேர்த்துத் தமிழெழுத்தாக எண்ணித்தரும் 'ஓப்பன்-தமிழ்' போன்ற கட்டற்ற நிரலகங்களைத் தன்னார்வலர் எழுதினர். சொல்விளையாட்டு எழுதுவோர்க்கு இன்று இவை பயன்படுகின்றன.

பரவலும் பின்னடைவும்

சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைத் தாங்கி வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் அருகருகே நிறுவப்பட்டன. மாணவர் கையில் தமிழ் மேடை இவ்வளவு பரவலாகச் சென்றது அதுவே முதன்முறை எனலாம். ஆயின் தோழர் வட்டத்தில் பேசப்படும் விளையாட்டு எந்த மேடையில் ஓடுகிறதோ அதனையே மாணவன் திறப்பான். அக்காலத்தில் அது லினக்ஸ் அன்று. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்கும் வைன் 1993 முதலே இருந்ததெனினும் அதன் அமைப்பு பள்ளி மாணவர்க்கு எளிதன்று. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் 2013-இல் லினக்ஸுக்கு வந்தது. வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டான் 2018-இல் வெளிவந்தபின் பெருவிளையாட்டுகள் பலவும் லினக்ஸில் ஓடின. 2022-இல் வெளிவந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியின் மேடையும் கேடிஈதான்.

விளையாட்டின்மையால் லினக்ஸை விலக்கியோர்க்கு இனித் தடையில்லை. ஆனால் வந்து சேர்ந்தவை மூடிய நிரல்கள். அவற்றின் தொடர்களைத் தமிழாக்கும் உரிமை உரிமையாளர்க்கே உரியது. தனிச்சீட்டின் கோப்பைத் திறந்து திருத்தியதுபோல் தன்னார்வலர் இவற்றைத் திருத்த இயலாது. மேடை கட்டற்றதாக நிற்க, அதன்மேல் ஆடப்படுவது கட்டுண்டதாகிறது.

திறந்த விளையாட்டுகளின் தமிழும் தளர்ந்த காலங்கள் உண்டு. குனோம் தன் வெளியீட்டறிக்கையில் 80 விழுக்காடேனும் பெயர்க்கப்பட்ட மொழிகளையே ஆதரவு பெற்றவையாகப் பட்டியலிடும் வழக்கமுடையதாயிருந்தது. கேடிஈ-யும் இன்றியமையாக் கோப்புகள் நிறைவுறாத மொழியை வெளியீட்டில் சேர்க்காதிருந்த காலமுண்டு. ஓரிருவர் தோளில் நின்ற பணி அவர் ஓய்ந்ததும் எல்லைக்குக்கீழ் சரிந்துவிடும். தேர்ந்த உழைப்பாளர் ஒருவர் பொறுப்பேற்றால் மீண்டும் எழும்.

எனினும் கோப்புகள் அழியவில்லை. ஒவ்வொரு பி.ஓ. கோப்பின் தலைப்பிலும் பெயர்த்தவர் பெயரும் நாளும் உள்ளன. எந்தத் தொடரை யார், எந்த நாளில், எவ்வாறு மாற்றினார் என்பது திட்டங்களின் களஞ்சியங்களில் வரிசையாகப் பதிவாகியுள்ளது. ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுப் பழகிய துறைக்கு, மூலமும் திருத்தமும் திருத்தியவர் பெயரும் ஒருங்கே கிடைக்கும் இத்தகைய பனுவல் வேறு வாய்ப்பது அரிது. தொடக்ககாலத் திஸ்கிக் கோப்புகளை இன்றைய கணினியில் நேரே திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஆண்டு வரிசையில் அடுக்கி, 'வென்றார்' எப்போது 'வெற்றி' ஆயிற்று என்று காண்பது ஆய்வேடு ஒன்றற்குப் போதிய பொருள். சீட்டு விளையாட்டின் கோப்பிலிருந்து தொடங்கலாம். தொடர்கள் மிகுந்தும் வேற்றுமைகள் நிறைந்தும் இருப்பது அதுவே.