சீமைச் சுண்ணாம்பைப் பார்க்கப் போகிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் நான் பாடத்தை நிறுத்தமாட்டேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் மே மாதக் கடைசியில் இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் வீட்டம்மாவும் போகிறோம். லண்டன் பாலம், அரண்மனை எல்லாம் மாப்பிள்ளை பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். நான் ஒரே ஒரு நாளை மட்டும் எனக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். தெற்கே சசெக்ஸ் கடற்கரையில் சீஃபோர்டு என்ற ஊரில் தொடங்கி, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் மேலாகவே நடந்து, ஈஸ்ட்போர்ன் போய்ச் சேர வேண்டும். சுமார் 22 கிலோமீட்டர். நடுவில் வரும் ஏழு பாறை மேடுகளைத்தான் 'செவன் சிஸ்டர்ஸ்', ஏழு சகோதரிகள் என்கிறார்கள்.

"மாமா, பர்லிங் கேப் வரைக்கும் கார் போகும். இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துடலாமே" என்கிறார் மாப்பிள்ளை. என் முழங்காலை நினைத்துச் சொல்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

தொண்ணூறுகளில் ஒரு நாள், ஐந்தாம் வகுப்பு. கையில் இருந்த சாக்பீஸைத் தூக்கிக் காட்டி, "இது கடலுக்கடியில் கோடிக்கணக்கான உயிர்களின் ஓடுகள் சேர்ந்து உண்டான பாறை. சீமையில் மலை மலையாக இருக்கிறது. அதனால்தான் சீமைச் சுண்ணாம்பு என்று பெயர்" என்று சொன்னேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "சார், நீங்க அந்த மலையப் பாத்திருக்கீங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் "உட்காருடா" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல கேள்வி கேட்ட பிள்ளையை அதட்டி உட்கார வைத்தது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

இந்தப் பயணத்துக்காகப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நம் பள்ளிகளில் பயன்படுத்தும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்திலிருந்து செய்வது. ஜிப்சத்தைச் சூடாக்கிக் கிடைக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைத் தண்ணீரில் குழைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். அது கால்சியம் சல்பேட். சீமைப் பாறையோ கால்சியம் கார்பனேட். ஆக, முப்பது வருடத்துக்கு மேல் நான் கையில் பிடித்தது சீமைச் சுண்ணாம்பே இல்லை. அன்றைக்கு என்னிடம் பாடம் கேட்டவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பாறையைப் பற்றிச் சொன்னது மட்டும் சரிதான். கடல்நீரில் மிதக்கும் ஒரு செல் பாசிகள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை வளர்த்துக்கொள்கின்றன. ஒரு தகடு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. பாசி செத்ததும் அது அடியில் போய்ப் படியும். ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்ற கணக்கில் சேர்ந்த சேறுதான் இறுகி இந்தப் பாறையானது. காலம் கிரிட்டேசியஸ், அதாவது டைனோசர்கள் இருந்த காலம். 1868-ல் ஹக்ஸ்லி என்ற அறிவியலாளர் நார்விச் நகரத்துத் தொழிலாளர்கள் முன்னால் சுண்ணாம்புத் துண்டு ஒன்றை மட்டுமே பொருளாக எடுத்துக்கொண்டு பூமியின் வரலாற்றைச் சொன்னார். ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு அது பெரிய பொறாமை.

அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் சிமெண்டு ஆலைகளுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அதே கிரிட்டேசியஸ் காலத்துக் கடலில் படிந்ததுதான். நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் கல்லை அங்கே பொறுக்கி விளையாடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் நிறைய வைத்திருக்கிறார்கள்.

இனி நடைக்கு வருகிறேன். வரைபடத்தை மேசையில் விரித்து ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு சீஃபோர்டு ரயில் நிலையத்தில் தொடக்கம். சீஃபோர்டு ஹெட் மேட்டில் ஏறி இறங்கினால் கக்மியர் ஆறு கடலில் சேரும் இடம். எதிரே ஏழு சகோதரிகளும் வரிசையாகத் தெரியும் படம் இங்கிருந்து எடுப்பதுதான். ஆற்று முகத்தில் பாலம் கிடையாது. இறங்கிக் கடக்கப் பார்ப்பது ஆபத்து. உள்நாட்டுப் பக்கம் எக்சீட் பாலம் வரை போய்ச் சுற்றித்தான் மறுகரைக்கு வர வேண்டும். புவியியல் பாடத்தில் படம் போட்டுக் காட்டினேனே, பாம்பு போல வளையும் ஆறு, அதை அந்த வழியில் நேரிலேயே பார்க்கலாம். 1840களில் நேர்க்கால்வாய் ஒன்றை வெட்டியதால் வளைவுகளில் இப்போது ஓட்டமில்லாத நீர் நிற்கிறது. கரையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கான்கிரீட் காவல் அரண்கள் இன்னும் இருக்கின்றன. ஜெர்மானியப் படை இறங்கக்கூடிய இடம் என்று பயந்து கட்டியவை.

மறுகரையில் முதல் சகோதரி ஹேவன் பிரவ், 77 மீட்டர். அதன்பிறகு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பர்லிங் கேப் வரை. எண்ணினால் எட்டு மேடு வரும் என்கிறார்கள். பேரனை எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

இந்த மேடுகளில் வீடு ஏதும் இல்லாமல் புல்வெளியாக இருப்பது தானாக நடந்ததில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு மேற்கே பீஸ்ஹேவன் என்ற இடத்தில் பாறை மேட்டை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். நம்மூர் ரியல் எஸ்டேட் கதையேதான். அடுத்து இங்கேயும் கல் ஊன்றிவிடுவார்கள் என்று பயந்த சசெக்ஸ் மக்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து பணம் திரட்டி, 1920களில் கிரவ்லிங்க் பகுதியை விலைக்கு வாங்கிப் பாதுகாத்தார்கள். 1929-ல் ஈஸ்ட்போர்ன் நகராட்சி பீச்சி ஹெட் சுற்றிலும் சுமார் 4,000 ஏக்கரை வாங்கியது. 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. இந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது 2010-ல்தான். நான் காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடக்கப்போகும் பாதை அவர்கள் சேர்த்த பணத்தில் வந்தது.

மனை வியாபாரிகளிடமிருந்து காப்பாற்றினார்கள். கடலிடமிருந்து காப்பாற்றவில்லை. பர்லிங் கேப்பில் கடலோரக் காவலர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய வீட்டு வரிசையில், விளிம்பு நெருங்க நெருங்க ஒவ்வொரு வீடாக இடிக்க வேண்டியதாயிற்று. தடுப்புச் சுவர் கட்டவில்லை. காரணம் என்ன தெரியுமா? அடியில் அலை அரித்து முகப்பு சரிந்துகொண்டே இருப்பதால்தான் பாறை புது வெள்ளையாக இருக்கிறது. தடுத்துவிட்டால் செடிகொடி முளைத்துப் பச்சையாகிவிடும். டோவர் பாறைகளில் துறைமுகம் அலையைத் தடுக்கும் பகுதியில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. வீடு இழந்தவர்களுக்கு இது என்ன ஆறுதல் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அரிப்பின் வேகமும் கூடியிருக்கிறது. 2016-ல் வந்த ஆய்வு, பல ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மட்டுமே பின்வாங்கிய பாறை, கடந்த 150 ஆண்டுகளில் ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் பின்வாங்குகிறது என்கிறது.

இதற்குச் சாட்சி பெல் டவுட் கலங்கரை விளக்கம். 1830களில் பாறை உச்சியில் கட்டினார்கள். மூடுபனியில் விளக்கு மறைந்துவிடுகிறது என்று, 1902-ல் பீச்சி ஹெட் பாறையின் அடியில் கடலுக்குள்ளேயே வேறொன்று கட்டினார்கள். சிவப்பு வெள்ளைப் பட்டையோடு படங்களில் வருவது அதுதான். பழைய கட்டடத்தை நோக்கி விளிம்பு வந்துகொண்டே இருந்ததால், 1999-ல் அதை அப்படியே ஜாக்கி கொடுத்துத் தூக்கி 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள்.

அதைத் தாண்டினால் பீச்சி ஹெட், 162 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. பீச்சி என்றால் கடற்கரை என்று நினைத்திருந்தேன். அழகிய முனை என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுப் பெயர் திரிந்ததாம். அங்கிருந்து இறக்கம், ஈஸ்ட்போர்ன், ரயில்.

என் திட்டம் இதுதான். இரண்டு இடத்தில் விலகிக்கொள்ள வழி வைத்திருக்கிறேன். எக்சீட்டில் 12-ஆம் எண் பேருந்து நிற்கும். பர்லிங் கேப்பில் மகளும் வீட்டம்மாவும் காரோடு காத்திருப்பார்கள். முழங்கால் வேண்டாம் என்று சொன்னால் அங்கே ஏறிக்கொள்வேன். பிடிவாதம் பிடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மழை பெய்தால் வேறு நாள், நனைந்த சுண்ணாம்பு வழுக்கும். விளிம்பின் அடிப்பகுதி குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. அதனால் பேரன் என் கையை விட்டு விளிம்புப் பக்கம் போகக்கூடாது. செல்ஃபி என்று கேட்டால் அன்றைக்கும் "உட்காருடா"தான்.

அன்று கேள்வி கேட்ட தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் படுமா தெரியாது. இன்னும் பார்க்கவில்லையப்பா. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அன்றைக்கு உன்னை உட்கார வைத்ததற்கு மன்னித்துக்கொள்.

இங்கிலாந்தில் இருக்கும் மாணவர்களில் யாராவது இந்தப் பாதையில் நடந்திருந்தால், எந்த ஏற்றம் அதிகம் சிரமம் என்று கீழே எழுதுங்கள். ஊன்றுகோல் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்