செங்கல்லுக்குப் பாதுகாப்பு உண்டு

லண்டன் பிரிக் லேனில் 'ட்ரூமன்' என்று எழுதிய உயரமான புகைபோக்கி இன்றும் நிற்கிறது. அடியில் பீர் காய்ச்சுவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. இப்போது அலுவலகங்களும் கடைகளும் இருக்கின்றன.

சுற்றுலாக் கையேடுகள் ஆலையின் பங்குதாரர் தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டனைப் பெருமையாகச் சொல்லும். அடிமை ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் போராடியவர், உண்மைதான். ஆனால் தோழர்களே, 1833 சட்டத்தின்படி 2 கோடி பவுண்டு இழப்பீடு போனது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. சவுக்கடி பட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

ஆலையைச் சுற்றி 20ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் சில்ஹெட் பகுதி வங்காளிகள். தையல் கூடங்களில் உழைத்தார்கள். 1978 மே 4 அன்று வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளியை இனவெறியர்கள் குத்திக் கொன்றார்கள். பத்து நாளில் சுமார் 7,000 பேர் அவர் சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். அந்தத் தெரு அவர்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல.

2021இல் ஆலை வளாகத்தில் ஐந்து மாடி அலுவலக, கடைக் கட்டடம் கட்டும் திட்டம் வந்தது. வாடகை ஏறும், சிறு கடைகள் போய்விடும் என்று அஞ்சி 7,000க்கும் அதிகமான எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. செப்டம்பரில் உள்ளாட்சிக் குழு அனுமதி கொடுத்தது.

சேரி நிலத்தில் 'வளர்ச்சி' என்ற சொல் எப்போது வரும் என்பது நமக்குப் பழகிய கதை. பழைய ஆலைக் கட்டடங்கள் சிலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பக்கத்துக் கடையில் வாடகைக்கு இருப்பவருக்கு அப்படி ஒன்று இல்லை.